வெள்ளைக் குதிரைக்குக் கொடுத்த வார்த்தை

நம் வீட்டு மருமகள் வாடகைக் குதிரையில் ஏறுவதா என்ற ஒரே கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. கேட்டவர் மாமனார். நாற்பது வருடம் லாரிப் பட்டறை நடத்தியவர். பட்டறை நட்டு முதல் வீட்டுக் கட்டில் வரை அவர் பார்த்து வாங்கியதுதான். வாங்குகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன எதையும் வாங்காமல் திரும்பியதில்லை. இரண்டு வருடமாகச் சவாரிப் பள்ளியில் மருமகள் மணிக்கணக்குக்குக் குதிரை எடுத்துப் பழகுவதை அவர் பொறுத்துக்கொண்டதே பெரிய காரியம். பட்டறைக்குப் பின்னால் வேலி போட்ட நிலம் சும்மா கிடக்க, ஊரார் குதிரையில் இவள் ஏறி இறங்குவது அவருக்குத் தொண்டை முள்ளாக உறுத்தியது.

ஆகவே ஒரு காலை வேளையில், பளபளக்கும் ஷூவோடு அவளை அழைத்துக்கொண்டு, குதிரை விற்கும் ஒரு லாயத்தில் போய் இறங்கினார்.

"ஷூ வேண்டாம்னு சொன்னேனே மாமா. சாணியா கிடக்கும்."

"முதல் தடவையா ஒரு இடத்துக்குப் போறோம். செருப்போட போய் நிக்கச் சொல்றியா?"

லாயக்காரர் அந்த ஷூவை ஒருமுறை பார்த்தார், ஆளை அளந்துவிட்டார். நேராக மர நிழலுக்கு அழைத்துப் போனார். அங்கே சேணம் பூட்டி ஒரு வெள்ளைக் குதிரை, படத்தில் வரைந்ததுபோல் அசையாமல் நின்றது. அதன் முதுகு மாமனாரின் நெற்றிக்கு நேராக இருந்தது.

"ஐயா, உங்க கௌரவத்துக்கு இதைவிடக் கம்மியா ஒண்ணைக் காட்டினா எனக்குத்தான் அசிங்கம்."

மாமனாரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

மருமகளோ அடுத்த கொட்டடியில் நின்ற பழுப்பு நிறப் பெட்டைக் குதிரையிடம் போய்விட்டாள். குட்டைக் கால், பீப்பாய் வயிறு, பிடரியெல்லாம் வைக்கோல்.

"மாமா, இவளைப் பாருங்களேன். கேட்டதும் நாலு காலையும் தூக்கித் தர்றா."

"காலைத் தூக்கவா குதிரை வாங்குறோம்? பானைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு. தெருவுல பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. வெள்ளை எனக்கு ரொம்ப உயரம். அதோட, ஒரு மாதிரி சோர்ந்துபோய் நிக்குது."

"அதுக்குப் பேருதாம்மா அடக்கம்."

சொன்ன கையோடு லாயக்காரர் பக்கம் திரும்பி, "எடுத்துக்கிட்டோம்," என்று கை நீட்டினார். லாயக்காரர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மருமகள் ஒன்றும் பேசவில்லை. வெளியார் முன்னால் மாமனார் முடிவுக்கு மறுபேச்சு பேசாதவள் என்று அவர் பல பேரிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. இன்று அந்த மௌனம் லேசாகக் குத்தியது.

அதை உதறிவிட்டு வெள்ளையிடம் போய், சேணத்துக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தார். கை சுட்டது. ஈரமும் இருந்தது. பழைய லாரி விற்கிறவன் ஆள் வரும் முன்பே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பான். குளிரில் மக்கர் பண்ணும் வண்டிகூட அப்போது ஒரே திருப்பில் கிளம்பும். அதனால் பானட்டைத் தொட்டுப் பார்க்காமல் அவர் எந்த வண்டியையும் எடுத்ததில்லை. இன்றைக்குத்தான் கையை விட்டுவிட்டு வாயை முந்த விட்டிருந்தார்.

"காலையில இதை யார் ஓட்டினது?"

"சும்மா, கொஞ்சம் நடக்க விட்டோம்யா."

"நடந்ததுக்கா முதுகு இப்படிக் கொதிக்குது?"

மருமகள் வந்து குதிரையின் மார்பையும் தொடையிடுக்கையும் தடவினாள். "நல்லா ஓட்டிக் களைக்க வச்சிருக்காங்க மாமா. நாளைக்குக் காலையில இது வேற குதிரை."

"கொஞ்சம் துடிப்பான குதிரை, அவ்வளவுதான்," என்றார் லாயக்காரர். "அதுவும் வார்த்தை கொடுத்துட்டீங்க. உங்களை மாதிரிப் பெரிய மனுஷங்க பேச்சு மாறுவாங்களா?"

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. வாங்கிக் கொண்டுபோய் வேலிக்குள் சும்மா கட்டி வைத்தால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தார். கொடுத்த வார்த்தையும் நிற்கும். ஆனால் மருமகள் கால் வைத்து ஏறும் அங்கவடியின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். மாமனார் வாங்கியது என்பதற்காக வாயே திறக்காமல் ஏறிவிடுவாள்.

"மாறுவேன்," என்றார். "ஆயுசுல முதல் தடவை, அதனால சத்தமாவே சொல்றேன். இது எங்களுக்கு வேண்டாம். இனிமே என்கிட்ட பேசாதீங்க. ஓட்டப்போறவ அவ, அவகிட்ட பேசுங்க."

மருமகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு மடமடவென்று பேசினாள். "பழுப்பிக்கு இன்னும் சேணம் போடலைல்ல? என் முன்னாடி போடுங்க. முதல்ல நீங்க ஏறி ஓட்டிக் காட்டுங்க."

தொப்பையைத் தூக்கிக்கொண்டு லாயக்காரர் ஏறினார். பழுப்பி முணுமுணுக்காமல் வட்டமடித்தது. ஆனால் நாலு அடிக்கு ஒருதரம் பின்பக்கமிருந்து டர்ரென்று சத்தம் விட்டது. மாமனார் தீவிரமாக வானத்தைப் பார்த்துக்கொண்டார். அடுத்து மருமகள் ஏறினாள். மூன்று சுற்று நடை, இரண்டு சுற்று ஓட்டம். காது வரை சிரிப்போடு அவர் முன்னால் வந்து நிறுத்தினாள்.

"எடுத்துக்கலாமா மாமா?"

"என்னைக் கேக்காதே. யோசிச்சு நீயே சொல்லு. சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாது."

"ஏன் முடியாது? இப்பத்தானே பார்த்தேன்!"

லாயக்காரர் குபீரென்று சிரித்துவிட்டார். மாமனார் சேண வாரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். தலைக்கு மேலே, குதிரை உயரத்திலிருந்து, மருமகளின் குரல் லாயம் முழுக்கக் கேட்டது.

"எடுத்துக்கிட்டோம்!"