நாலாவது ஓட்டை போட்டவர்

எந்தத் தேதியை எடுத்தாலும் அன்றைக்கு எவனோ ஒருவன் பிறந்திருப்பான், எங்கேயோ ஒரு கோட்டை விழுந்திருக்கும். அதைத் தேடிப் பிடித்து, தினசரிக் காலண்டர் தாளின் அடியில் இரண்டு வரியாகப் போடுவதுதான் தேதியக்காவின் வேலை. மேல்வரியில் ஒரு சம்பவம், கீழ்வரியில் ஒரு பிறந்தநாள். அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் தேதியக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த பைண்டர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். சில தேதிகள் கொழுத்த தேதிகள். மூன்று ராஜாக்கள், ஒரு விஞ்ஞானி, ஒரு போர்நிறுத்தம் என்று இடித்துக்கொண்டு நிற்பார்கள். சில தேதிகள் அடைமழையில் திறந்த கடை மாதிரி. ஓர் ஆள் எட்டிப் பார்க்கமாட்டான்.

அப்படி ஈயோட்டும் தேதியாகப் பார்த்துத்தான் அவள் கொக்கி போடுவாள். கொக்கி என்பது அந்த அச்சகத்தில் வழிவழியாக நடக்கும் வித்தை. வருடத்துக்கு ஒரு தாளில், உலகத்திலேயே இல்லாத ஒருவரைப் பிறக்கவைப்பது. அடுத்த வருடம் வேறு அச்சகத்தின் காலண்டரிலும் அதே ஆசாமி அதே தேதியில் பிறந்தால், அங்கே உட்கார்ந்து எவனோ காப்பியடிக்கிறான் என்று தெரிந்துவிடும். கொக்கிக்கு முதலாளி போட்ட சட்டம் ஒன்று உண்டு: பெயர் வைக்கக் கூடாது. வைத்தால் அந்தப் பெயரில் எங்காவது ஒருவர் இருந்து தொலைப்பார், அவர் வீட்டு ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் போன வருடம் ஆகஸ்ட் இருபத்தேழில், 'சட்டைப் பொத்தானில் நான்காவது துளை இட்டவர் பிறந்த நாள்' என்று மொட்டையாகப் போட்டாள். போட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்த வருடம் எதிர்ச்சாரி அச்சகத்தின் காலண்டரில் அதே ஆசாமி, அதே தேதி. ஓர் எழுத்துகூட இடம் மாறவில்லை.

முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் அடுத்த வருடக் காலண்டர் ஆர்டருக்குத்தான் இரண்டு அச்சகமும் முட்டிக்கொண்டிருந்தன. காப்பியடித்த சரக்கு எங்கள் கிளைகளில் தொங்காது என்று நிறுவனம் முன்பே கறாராகச் சொல்லியிருந்தது. முதலாளி நேரே போய்ப் புகார் கொடுத்துவிட்டு, பாதி ஆர்டர் கைக்கு வந்த தெம்போடு திரும்பினார். அந்தத் தெம்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எதிர்ச்சாரிக்காரர் ஒரு பேரனைக் கண்டுபிடித்துவிட்டார்.

"யாரோட பேரன்?" என்றாள் தேதியக்கா.

"உன் பொத்தான்காரரோட பேரன். கடைவீதியில பொத்தான் கடை வெச்சிருக்காராம். எங்க தாத்தாதான் நாலாவது ஓட்டை போட்டாருன்னு போட்டோவுக்கு சீரியல் பல்பு மாட்டி உக்காந்திருக்காராம்."

"நான் இட்டுக்கட்டின ஆளு சார் அது."

"இட்டுக்கட்டினது சரிம்மா. பேர் இல்லாம ஒருத்தனை நடுத்தெருவுல நிறுத்தினா, எங்க தாத்தான்னு எவன் வேணாலும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவான்."

"பேர் வெக்காதேன்னு சட்டம் போட்டது நீங்கதானே?"

"போட்டவனைத் திட்டி இப்ப என்ன ஆகப்போகுது. ஒருத்தன் இருந்தான்னு காட்ட ஒரு போட்டோ போதும். ஒருத்தன் இல்லவே இல்லைன்னு எதைக் காட்டுவ? பொய்ப் புகார் குடுத்தவன்னு எனக்குப் பேரு வரும். இந்த ஆர்டர் போச்சுன்னா தேதி போடத் தனியா ஒரு ஆள் வெச்சுக்க எனக்குக் கட்டுப்படியாகாது. ஒளிவுமறைவு இல்லாம சொல்லிட்டேன், அப்புறம் வருத்தப்படாத."

வேலை போய்விடுமே என்று பயமாக இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஓர் அரிப்பும் ஆரம்பித்துவிட்டது. பேரன் புளுகுகிறாரா, இல்லை, நிஜமாகவே அப்படி ஒருவர் இருந்துதான் தொலைத்தாரா?

காப்பீட்டு அலுவலகத்தின் கூட்ட அறையில் நீள மேசை போட்டிருந்தது. ஒரு பக்கம் முதலாளியும் தேதியக்காவும். எதிரே எதிர்ச்சாரிக்காரர், சென்ட் வாசனையோடு. அவர் பக்கத்தில் பொத்தான் கடைக்காரர், மெலிந்த பெரியவர், துண்டில் சுற்றிய போட்டோவை மடியில் வைத்திருந்தார். நடுவில் கொள்முதல் அதிகாரி. அவர் முன்னால் இரண்டு காலண்டர்களும் தாள் கிழியாமல் முழுசாக இருந்தன.

"பெரியவரே, உங்க தாத்தா வெறும் கற்பனைன்னு இவங்க சொல்றாங்க" என்றார் அதிகாரி.

"கற்பனையா? அவர் மடியில உக்காந்து நான் பொத்தான் கோத்திருக்கேன் சார். கற்பனைக்கு மடி இருக்குமா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை.

"இவர் குடுத்த விவரத்தைத்தான் நாங்க போட்டோம்" என்றார் எதிர்ச்சாரிக்காரர். "தங்கச்சியும் போன வருஷம் எங்கயோ காதுல விழுந்து போட்டிருக்கும். இப்ப நான்தான் பெத்தேன்னு நிக்குது. போகட்டும் சார், நான் பெருசு பண்ணல."

"நீங்கதான் சொன்னீங்களா, பெரியவரே?"

பெரியவர் தலையை ஆட்டினார். விலை படியாத நேரத்தில் வியாபாரிகள் ஆட்டுகிற ஆட்டு. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாளி மேசைக்கடியில் தேதியக்காவின் காலை இடித்தார். எதையாவது கேட்டு மடக்கு என்று அர்த்தம். அவளுக்கு மடக்கத் தெரியவில்லை. நாலு நாளாக மண்டையைக் குடைந்ததைத்தான் கேட்டாள்.

"ஐயா, எதுக்காக நாலாவது ஓட்டை?"

பெரியவர் முகம் மலர்ந்தது. அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது.

"அப்ப ஃபேக்டரில இருந்து பெட்டி பெட்டியா மூணு ஓட்டைப் பொத்தான் வந்து இறங்கிடுச்சும்மா. தெச்சுப் பாத்தா கோழிக்கால் மாதிரி இருக்கும். ஒருத்தரும் தொடல. தாத்தா ஒரு கைத்துரப்பணத்தை எடுத்துட்டு உக்காந்தாரு. ஒவ்வொண்ணுலயும் இன்னொரு ஓட்டை. தேங்கிக் கிடந்த சரக்கெல்லாம் போன இடம் தெரியல."

"ஓட்டை கூடினதுக்கு விலையும் கூட்டினாரா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லாத இடத்துக்கு யாரு சார் காசு குடுப்பா?"

"உங்க தாத்தா பிறந்த தேதி வீட்ல எப்படித் தெரியும்?" என்றாள் தேதியக்கா. "அந்தக் காலத்துல பாதிப் பேருக்கு வருஷமே தெரியாது. நான் தேடித் தேடி அலுத்திருக்கேன்."

"எங்க வீட்ல எப்படிம்மா மறக்கும்? பெரிய பாலம் திறந்த அன்னிக்குப் பிறந்தவராச்சே. மருத்துவச்சி அக்கரையில இருந்து வரணும். படகுக்கு நேரமில்ல. காவல்காரனைத் தள்ளிட்டுப் பாலத்துல ஏறிட்டா. ரிப்பன் வெட்ட வந்த பெரிய மனுஷருக்கு முன்னாடியே அவதான் கடந்தா. அதனாலயே தாத்தாவைச் சின்ன வயசுல பாலம், பாலம்னுதான் கூப்பிடுவாங்களாம்."

சொல்லிவிட்டுப் பெரியவர் சந்தோஷமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எதிர்ச்சாரிக்காரர் மட்டும் சாயவில்லை.

தேதியக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார்," என்றாள் மெதுவாக, "அவங்க காலண்டர்ல பெரிய பாலம் எந்தத் தேதில இருக்குன்னு பாக்கறீங்களா?"

"பாலத்துக்கும் பொத்தானுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றார் எதிர்ச்சாரிக்காரர்.

"இவ்வளவு நேரம் பெரியவர் அதைத்தானே சொன்னாரு" என்று அதிகாரி தாள்களைத் தள்ள ஆரம்பித்தார். அவசரத்தில் ஜனவரியில் பாதி கையோடு கிழிந்து வந்தது. பிப்ரவரி ஒன்பதில் நின்றார். 'இன்று: நகரின் பெரிய பாலம் திறக்கப்பட்டது.' அதன் கீழே பிறந்திருந்தது ஏதோ ஒரு பாடகி. ஆகஸ்டுக்குப் போனார். இருபத்தேழில் பொத்தான்காரர் பிறந்திருந்தார்.

அதிகாரி இரண்டு தாள்களையும் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டார்.

"பாலம் திறந்த அன்னிக்குப் பிறந்தவரு, பாலம் திறந்து ஆறு மாசம் கழிச்சா பிறந்தாரு?" என்றார் அதிகாரி. "பெரியவரே, ஆகஸ்டுன்னு இவருக்கு நீங்க சொன்னீங்களா?"

பெரியவர் துண்டை விலக்கிப் போட்டோவை ஒரு தரம் பார்த்தார். அதை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"நான் தேதியே சொல்லல சார். இவர் கடைக்கடையா காலண்டர் குடுத்தாரு. என் கடையிலயும் மாட்டினேன். அந்தத் தாள் வந்ததும் தாத்தாவாச்சேன்னு ஒரே சந்தோஷம். தேதி இடிக்குதேன்னு தோணுச்சு. அச்சுல போட்டவங்களுக்குத் தெரியாததா, நம்ம வீட்லதான் தப்பாச் சொல்லிட்டாங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் இவரு வந்து, நீங்கதான் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னாரு. யார் சொன்னா என்ன, தாத்தா பேர் வெளங்குதேன்னு வந்தேன்."

எதிர்ச்சாரிக்காரர் எழுந்தார். வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை.

ஆர்டர் உங்களுக்குத்தான் என்று அதிகாரி வாயால் கேட்டபிறகுதான் முதலாளி மூச்சு விட்டார். வெளியே வந்ததும் பைண்டருக்கு போன் போட்டு, காகிதத்துக்கு இப்போதே சொல்லிவைக்கச் சொன்னார். தேதியக்காவிடம் திரும்பி, "உன் நாற்காலியை யாரும் தொடமாட்டாங்க, போ" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்ப்பது பேராசை.

பெரியவர் படிக்கட்டில் நின்று போட்டோவைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப அடுத்த வருஷம் தாத்தாவை எடுத்துடுவீங்க, இல்லையாம்மா?"

"நான் போட்டது என் மண்டையில பிறந்த ஆளு ஐயா. அவரை எடுத்துடுவேன். உங்க தாத்தா வேற ஆளு. பாலத்தோட தாள்ல அவருக்கு இடம் இருக்கு, எங்க தாள்லயும் இருக்கற அந்தப் பாடகியை வேற நாளுக்குத் தள்ள முடியாது, ஆனா சேத்து உக்கார வெக்கலாம். பேரோட. ஆனா பாத்துட்டுத்தான் போடுவேன்."

"போட்டோ இதோ இருக்கே."

"போட்டோ இல்ல. அந்தப் பொத்தான்."

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பது வருட வியாபாரத்தில் சரக்கைப் பார்க்காமல் வாங்காதவர்களை அவருக்குப் பிடிக்கும்.

"எல்லாம் வித்துப்போச்சுன்னு சொன்னேன். வியாபாரி எல்லாத்தையுமா விப்பான்? வாங்க."

"ஜெயிச்சாச்சேம்மா, இன்னும் என்ன?" என்று முதலாளி முணுமுணுத்தார். முணுமுணுத்தபடியே கூட வந்தார். சாப்பாட்டு நேரம்தானே என்று அதிகாரியும் சேர்ந்துகொண்டார். வழியெல்லாம் தன் சட்டைப் பொத்தான்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

கடை ஓர் ஆள் அகலம்தான். இரண்டு சுவரிலும் கூரை வரை சிறு இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கும் பொத்தான் ஒன்று ஒட்டியிருந்தது. பெரியவர் ஏணியில் ஏறி, முகத்தில் ஒன்றும் ஒட்டாத ஓர் இழுப்பறையை உருவி, கல்லாமேசைத் துணியில் கவிழ்த்தார்.

பழுப்பு நிறத்தில் ஒரு கைப்பிடி. தேதியக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முக்கோணமாக மூன்று ஓட்டைகள், வழவழவென்று, இயந்திரம் போட்டவை. அவற்றுக்கு நடுவில் நாலாவது ஒன்று, கொஞ்சம் கோணலாக, விளிம்பு பிசிறிக்கொண்டு. அடுத்ததை எடுத்தாள். அதிலும் நடுவில்தான், கோணல் மட்டும் வேறு பக்கம். ஒவ்வொரு கோணலிலும் ஒரு கை இருந்தது.

"நாலு மூலைக்கு நாலு ஓட்டைன்னு நெனச்சேன்" என்றாள். "நடுவுல ஒண்ணு இருந்தா நூல் எப்படிப் போகும்?"

"என் சட்டையில இப்படி இல்லையே" என்று அதிகாரி குனிந்து பார்த்தார்.

முதலாளிகூட ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்து, அதன் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

 பெரியவர் ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டு, அதிகாரியின் கையில் இருந்த கைக்குட்டையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டார். "நல்லாப் பாருங்க, ஒரு தடவைதான் செய்வேன்" என்று சொல்லி, நடு ஓட்டையில் ஊசியை நுழைத்தார். மூன்று தலைகளும் துணியின் மேல் குனிந்தன.