துடுப்புக்கு முதல் இடம்

பிரபு வீட்டுக் கேடயங்களில் குலச்சின்னம் வரைவது என் தொழில். நாற்பது வருடத்தில் எத்தனையோ பெரிய வீட்டுக்காரர்களைப் பார்த்தாயிற்று, பெரும்பாலும் தலைக்கனம்தான். மார்சலி டன்லோரி ஒருத்திக்குத்தான் மனதாரத் தொப்பியைக் கழற்றினேன்.

அவள் கூடப்பிறந்தவர் இல்லாதவள். அவளைக் கட்டுகிறவன் டன்லோரி பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், நான்காகப் பிரித்த கேடயத்தில் முதல் கட்டம் டன்லோரிச் சின்னத்துக்கே என்று அவள் அப்பா உயில் எழுதியிருந்தார். கல்யாணமாகி ஓராண்டுக்குள் இது நடக்காவிட்டால் மாளிகையும் நிலமும் எடின்பரோவில் இருக்கும் பங்காளிக்குப் போய்விடும். ஆறே நாள் மிச்சம்.

கணவன் ஹியூவுக்குச் சம்மதம்தான். அவன் அப்பா நினியன் பிட்மாரன் முரண்டு பிடித்தார். குலத்தலைவரான அவர் கையெழுத்துப் போடாமல் நான் தூரிகையைத் தொட முடியாது. பிட்மாரன் சின்னம் நீர்நாய். போரில் தோற்ற மூதாதை ஒருவர் வெள்ளத்தில் ஆற்றை நீந்தித் தப்பினாராம். டன்லோரிச் சின்னமோ வெறும் துடுப்பு.

"படகுக்காரன் துடுப்புக்குப் பக்கத்துல எங்க நீர்நாய் ஒண்டிக்கிட்டு நிக்கணுமா? என் உசுரு இருக்கிற வரைக்கும் நடக்காது!"

"அப்பா, ஆறு நாள்தான் இருக்கு."

"ஆறு நிமிஷம் இருந்தாலும் இதே பதில்தான்டா!"

மார்சலி கணவனை வெளியே அனுப்பினாள். ஜன்னலோரம் வண்ணம் குழைத்துக்கொண்டிருந்த என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

"மாமா, உங்க மூதாதைக்கு நீச்சலே தெரியாது. எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்திதான் அவரைப் படகுல படுக்கவெச்சு, மேல மீன்வலையைப் போட்டு மூடி, அக்கரையில விட்டா."

கிழவர் முகம் வெளுத்தது. "இது எங்க வீட்டுல மூத்த பையன் காதுல மட்டும் சொல்ற சங்கதி. உனக்கு எப்படித் தெரியும்?"

"படகு எங்களுதாச்சே மாமா."

"முன்னூறு வருஷமா ஏன் ஊருக்குச் சொல்லல?"

"நம்பி ஏறினவங்களைக் காட்டிக்கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்ல. நானும் சொல்லமாட்டேன். வீடு போனா போகட்டும்."

ஊரில் ஒரு வார்த்தை விட்டிருந்தால் பிட்மாரன் மானம் கப்பலேறியிருக்கும். அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நினியன் கைத்தடியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஊரே தேவாலய வாசலில் நின்றபோது, அவர் மதில்மேல் ஏறினார். எழுபது வயசு! விழுந்துவிடுவாரோ என்று பதறினேன்.

"எல்லாரும் கேளுங்க! எங்க மூதாதை நீந்தல. அவருக்கு நீந்தவே தெரியாது. ஒரு டன்லோரிப் பொண்ணு துடுப்புப் போட்டாளே, அதனாலதான் எங்க வம்சமே இருக்கு!"

பின்னால் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். கிழவர் அவனைச் சட்டை செய்யவில்லை. என்னைப் பார்த்து அதட்டினார்.

"என்னய்யா வேடிக்கை பாக்குற? எந்த இடத்துல கையெழுத்துப் போடணும், காட்டு!"