கிருபாவுக்குப் பக்கத்தில்

"வேனுக்குச் சொல்லியாச்சும்மா. ரெண்டு மணிக்கு ஆராதனை. முடிஞ்ச உடனே கெளம்பினா இருட்டுததுக்குள்ள ஊர் போய்ச் சேந்துரலாம்" என்றார் கிங்ஸ்லி.

எப்சிபா ஐஸ்பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க மறுபடியும் படிந்தது. உள்ளே அவள் கணவர், பாஸ்டர் சாம், வெள்ளை அங்கியில் படுத்திருந்தார். நேற்றுக் காலை நெஞ்சு கரிக்கிறது என்று தானாக நடந்துபோய் ஆட்டோவில் ஏறின மனிதர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது இப்படி.

"எந்த ஊருக்கு அண்ணாச்சி?"

கிங்ஸ்லிக்குத் தென்காசியில் டைல்ஸ் கடை. சபைக்குச் செயலாளர். பதினைந்து வருஷமாக அவர் கைகாட்டியதுதான் கமிட்டியின் தீர்மானம். அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் நின்ற கமிட்டிக்காரர்கள் சுவரில் தொங்கிய வசனக் காலண்டரை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"ஐயாவோட சொந்த ஊருக்குத்தான்" என்றார் கடைசியில்.

சங்கரன்கோவிலுக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமம் அது. சிறுவயதில் மிஷன் விடுதிக்கு வந்த சாம் பிறகு அங்கே குடியிருந்ததே இல்லை. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்து, வீட்டுச் சுவரும் கரைந்து, இன்னாருடைய மகன் என்று அடையாளம் சொல்லக்கூட அங்கே ஆள் கிடையாது.

"அவுக கிருபா பக்கத்துலதான் படுக்கணும்னு சொல்லிருக்காவ" என்றாள் எப்சிபா. "அங்கன யாரு அண்ணாச்சி இருக்கா? எம் புள்ள இங்கனதான கெடக்கா."

கிருபா அவர்களுடைய ஒரே மகள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சின்ன மெதடிஸ்ட் சபைக்கு அவர்கள் வந்த முதல் வருஷமே, ஆறு வயதில், மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்து மூலையில், நெல்லிமரத்தடியில் அவளை வைத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ மாற்றல் உத்தரவு வந்தது. பெரிய சபை, நல்ல வீடு, பட்டணம். ஒவ்வொரு முறையும் சாம் மேலிடத்தில் போய்க் கெஞ்சி மாற்றலை நிறுத்திக்கொண்டு வந்தார். பாஸ்டருக்கு இந்தச் சபைமேல் அவ்வளவு பிரியம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பிரியம் யார்மேல் என்று எப்சிபாவுக்குத் தெரியும்.

"அது பச்சப்புள்ளம்மா. பிள்ளைக்கு வேற, பெரியவங்களுக்கு வேற" என்றார் கிங்ஸ்லி. "அந்த எடம் பூரா குடும்பம் குடும்பமா வச்சிக்கிட்டு வாறது. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்தத் தோட்டத்தில் எல்லைக்கல் கிடையாது, பலகை கிடையாது. ஆனால் எந்த வரிசை எந்த வகையறாவுக்கு என்று சபையில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். சாம் வேறு சாதி. அந்தச் சாதியின் பெயரை இந்தப் பதினொரு வருஷத்தில் ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. 'கரிசக்காட்டுப் பக்கத்துக்காரங்க' என்று மரியாதையாகச் சொல்வார்கள். பாஸ்டர் வேலை, குழியண்டை நின்று வசனம் வாசிப்பது. குழி எங்கே என்பது கமிட்டியின் வேலை. இங்கே வேலையில் இருந்த பாஸ்டர் யாரும் இதற்கு முன் செத்ததில்லை. மாறிப்போனார்கள், ஓய்வுபெற்றுப் போனார்கள். அதனால் இந்தக் கேள்வி வரவில்லை, சபையின் மானமும் தப்பித்துக்கொண்டிருந்தது.

ஒரு கல்லறைத் திருநாளில் சாம் இதைப் பிரசங்கத்திலேயே எடுத்தார். செத்த பிறகுமா வரிசை என்று கேட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும், நமக்கு எதுக்கு இந்த வம்பு, பிள்ளை இங்கே இருக்கிறாள், வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று அடக்கியவள் எப்சிபாதான். அவரும் அடங்கினார். அது இப்போது அவள் நெஞ்சை அறுத்தது.

எப்சிபா அடுக்களைக்குள் போனபோது பின்னாலேயே ரெபேக்காள் வந்தாள். கிங்ஸ்லியின் மனைவி. எப்சிபாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. கிங்ஸ்லியின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த நாளில், சொந்த மகள்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது, முதுகுப் புண்ணைக் கழுவி மருந்து போட்டவள் எப்சிபா. கடைசியில் கிழவியைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்தியதும் அவள்தான். சபையில் எந்தப் பெண் இறந்தாலும் அது பாஸ்டரம்மாவின் வேலை. சம்பளம் பாஸ்டருக்கு, வேலை இருவருக்கும். அப்போது அந்தக் கைக்கு யாரும் வகையறா பார்க்கவில்லை.

"நீ ஒரு வார்த்த அண்ணாச்சிகிட்ட சொல்லேன் ரெபேக்கா" என்றாள் எப்சிபா.

"ராத்திரியே சொன்னேன் பாஸ்டரம்மா. 'நாளைக்கு எங்க அம்மா பக்கத்துல யாரு வந்து படுப்பா'ன்னு அவுக கேக்காவ. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

எப்சிபா அவளுடைய கையை மெல்ல விலக்கினாள். பதினொரு வருஷத்தில் இவள்கூடத் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆராதனை சிறப்பாக நடந்தது. வாசலில் பெரிய ஃபிளெக்ஸ்: 'எங்கள் மண்ணின் மேய்ப்பரே, எங்களை விட்டுப் பிரிந்தீரோ.' திருநெல்வேலியிலிருந்து வந்த, பாஸ்டர்களுக்கெல்லாம் மேலதிகாரியான சூப்பிரண்டு ஐயா, கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்ற வசனத்தை எடுத்து அரைமணி நேரம் பேசினார். கல்லறை விஷயம் அவருக்குக் காலையிலேயே தெரியும். உள்ளூர் விவகாரத்தில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறினார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். வேதாகமத்துக்கும் அதே பழமொழி போதும். கிங்ஸ்லி, இந்தச் சபை இருக்கும்வரை பாஸ்டரை மறக்காது என்றார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார், கண்ணீர் நிஜமாகவே வந்தது.

வேனில் கூடப் போவதாக நான்கு பேர் சொல்லியிருந்தார்கள். சீசன் சனிக்கிழமை. ஐந்தருவி ரோடு முழுக்கக் கார். ஒருவருக்குக் கடை, ஒருவருக்கு லாட்ஜ், ஒருவருக்குப் பேத்தி பிறந்தநாள். கடைசியில் டிரைவர் ரவியும் எப்சிபாவும்தான். மாலைகளை மட்டும் வேன் கொள்ளாமல் ஏற்றினார்கள்.

கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாகத்தான் வேன் போயாக வேண்டும். நெல்லிமரத்தின் தலை சுவருக்கு மேலே தெரிந்தது. எப்சிபா அது மறையும்வரை பார்த்தாள். அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். வாயில் தலைப்பைத் திணித்துக்கொண்டு, வேனின் தகரம் அதிர அழுதாள். ரவி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, கரிசக்காட்டுக்குப் போவாண்டாம். தென்காசி நகராட்சி மயானத்துக்கு விடுங்க" என்றாள்.

"அங்கன கேஸ்ல வச்சு எரிக்கதுல்லாம்மா? நீங்க வேதக்காரங்க..."

"தெரியும். எரிக்கட்டும்."

மயானத்தில் இருந்தவர் இறந்தவருடைய பெயரும் வயதும் கேட்டார். ஆஸ்பத்திரிச் சான்றும் ஆதாரும் வாங்கிப் பார்த்தார். யார் வகையறா என்று கேட்கவில்லை. இறக்க ஆள் இல்லை என்றதும், வேறொரு சாவுக்கு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் தாங்களாகவே எழுந்து வந்து தோள் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கு நெற்றி நிறையத் திருநீறு. ஜெபம் பண்ணுவதானால் பண்ணுங்கம்மா, நாங்க நிக்கோம் என்றார். எத்தனையோ அடக்கத்தில் கணவர் சொல்லக் கேட்ட வார்த்தைகளை எப்சிபா தானே சொன்னாள். மண்ணுக்கு மண் என்ற இடத்தை மட்டும் தாண்டிப் போனாள்.

விஷயம் அன்றைக்கே ஊருக்குள் வந்துவிட்டது. பாஸ்டரை எரித்துவிட்டாளாம், கடைசி நாளில் அவர் எப்படி எழும்புவார் என்று சபையே பதறியது. ஆறடி நிலம் கொடுக்காதபோது வராத பதற்றம் அது. கிங்ஸ்லி போனில் கூப்பிட்டு, சபைக்கே அவமானம் தேடி வைத்துவிட்டதாகக் கத்தினார். எப்சிபா முழுவதும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆராதனை நடுவில், இரண்டாம் பாட்டின்போது, அவள் கல்லறைத் தோட்டத்துக்குள் வருவதை ஜன்னலோரம் நின்றவர்கள் பார்த்தார்கள். இடுப்பில் துணி கட்டிய மண்கலயம், கையில் களைக்கொத்தி. பாட்டு நிற்கவில்லை, சுருதி மட்டும் இறங்கியது.

கிங்ஸ்லி குடையை விரித்துக்கொண்டு வருவதற்குள் கிருபாவின் கல்லறையில், சிலுவைக்கு முன்னால், முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்துவிட்டாள். கலயத்தைக் கவிழ்த்தாள். பிறகு இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி, மாவு பிசைவதுபோலச் சாம்பலோடு சேர்த்துப் பிசைந்தாள். கிங்ஸ்லிக்குப் பின்னால் ரெபேக்காளும் இன்னும் சில பெண்களும் வந்து நனைந்தபடி நின்றார்கள்.

"கமிட்டியில ஒரு வார்த்த கேக்காம என்ன காரியம் பண்ணுதிய?" என்றார் கிங்ஸ்லி.

"ஆமா அண்ணாச்சி. கேக்கல."

"இத எடுத்துருங்கம்மா. பின்னால பெரிய பிரச்சினையா வரும். சொன்னாக் கேளுங்க, எடுத்துருங்க."

எப்சிபா எழுந்து, அவர் குனிவதற்கு வாகாக ஓரம் நகர்ந்து நின்றாள். முழங்கைவரை சேறு.

"எனக்குப் பிரிக்கத் தெரியல அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் அது பழக்கம். இதுல எது அவுக, எது ஒங்க மண்ணுன்னு பாத்து, அவுகள மட்டும் அள்ளிக் குடுங்க. கொண்டு போயிருதேன்."

கிங்ஸ்லி குனிந்து பார்த்தார். குடை அவர் கையில் சாய்ந்தது. ஒரு பிடி மண்ணைக்கூட அவரால் அள்ள முடியவில்லை.