திருப்பி அனுப்புகிறவர்கள்

திருப்பி அனுப்புகிறவர்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் என் வாய் சும்மா இருக்காது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆறு வருடமாக ஆன்லைனில் புடவை விற்கிறேன். விற்பது ஒரு பங்கு வேலை என்றால், திரும்பி வருவதைப் பிரித்துப் பார்த்து வயிறு எரிவது மூன்று பங்கு வேலை. வாங்கின மகராசிகளுக்கு அந்த இணையதளம் பத்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறது. கட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பலாம், கல்யாணத்துக்குப் போய் வந்து திருப்பலாம், வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார் என்று திருப்பலாம். ஒருத்தி முந்தானையில் சாம்பார் கறையோடு திருப்பிவிட்டு, ‘வரும்போதே இப்படித்தான் இருந்தது’ என்று எழுதினாள். நான் என்ன, புடவையைச் சாம்பாரில் முக்கியா பார்சல் கட்டுகிறேன்?

இந்த லட்சணத்தில், மாதத் தொடக்கத்தில் தளத்திலிருந்து ஓர் ஓலை வந்தது. இந்த மாதம் ஐந்து புடவைக்கு ஒன்றுக்கு மேல் திரும்பி வந்தால் என் கடையைத் தூக்கிவிடுவார்களாம். திருப்பி அனுப்புகிறவள் தேவதை, விற்றவள் குற்றவாளி. என்ன நியாயமோ! என் வீட்டுக்காரர் சீனுவாசன் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு என்னோடுதான் பார்சல் கட்டுகிறார். கடை போனால் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போகும்.

அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அடிக்கடி திருப்புகிறவர்களின் பட்டியலை எடுத்தார். கட்டம் கட்டி, மஞ்சள் சிவப்பு எல்லாம் அடித்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“முதல் ரேங்க் யாரு தெரியுமா? பூமாலைன்னு ஒருத்தவங்க, விழுப்புரம். பதினாலு தடவ ஆர்டர், பதினாலு தடவயும் ரிட்டர்ன். காரணம், ‘தேவைப்படவில்லை’” என்றார்.

“தேவப்படலன்னா எதுக்கு வாங்கிக்கினே இருக்குது அந்தம்மா?”

“அத கம்ப்யூட்டர் சொல்லாது சித்ரா.”

கம்ப்யூட்டர் சொல்லாததைச் சுவரில் தொங்கிய நாள்காட்டி சொன்னது. பூமாலை ஆர்டர் போட்ட தேதிகளை நான் அதில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினாலும் முகூர்த்த நாளுக்கு நாலு நாள் முன்னே. திருப்பினது முகூர்த்தத்துக்கு மறுநாள். திரும்பி வந்த பார்சலில் கடைசியாக வந்ததை உதறிப் பார்த்தேன். மடிப்புக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் அரிசி விழுந்தது. அட்சதை! என் புடவை ஊர் ஊராக விசேஷத்துக்குப் போய் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வருகிறது, எனக்கு ஒரு பத்திரிகைகூட வைக்காமல்.

அவளைத் தளத்தில் தடுத்துவிடுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அன்று காலையில்தான் அவளுக்கு ஒன்பது புடவை போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ஒன்பதும் திரும்பினால் ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கு தாண்டிவிடும், கடை காலி. நேரில் போய் நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று பஸ் ஏறிவிட்டேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது தம்பி வல்லரசுவுக்குப் போன் போட்டேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஆர்த்திக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் அவன்தான் கொண்டுவர வேண்டும். வானூர் பக்கம் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவனுக்கு.

“டேய், தட்டு ஐம்பத்தொன்னு. ஞாபகம் இருக்குதா?”

“இருக்குதுக்கா.”

“என் ஓரகத்தி கலைப்பிரியா பொண்ணுக்கு அவங்க மாமன் நாப்பத்தொன்னு வெச்சான். அதுக்குக் கொறைஞ்சா அவ என்னை உக்காரவெச்சே பேசுவா. வெறும் ஆப்பிளும் ஆரஞ்சும் அடுக்காத. புடவ தட்டு நெறைய இருக்கணும்.”

“சரிக்கா. எல்லாம் பண்ணிக்கினுதான் இருக்கேன்” என்றான். குரலில் சுரத்தே இல்லை. வெயிலில் வேலை செய்கிறவன், களைப்பாக இருக்கும் என்று வைத்துவிட்டேன்.

விழுப்புரத்தில் பூமாலையின் வீடு ரயில்வே லைனுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். நான் யாரென்று சொன்னதும் பதறுவாள், அழுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“கடக்கார அம்மாவா? வாம்மா, வா. உன் புடவைக்குத்தான் எடுப்பு ஜாஸ்தி. தட்டுல வெச்சா தூரத்துல இருந்தே பளிச்சுன்னு தெரியுது.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். அறை முழுக்கச் சீர்வரிசைத் தட்டுகள். பிளாஸ்டிக் ஆப்பிள், வளையல் கோபுரம், கண்ணாடித்தாள் சுற்றிய பொம்மை. சீர் வைக்க வசதி இல்லாதவர்களுக்குத் தட்டுகளை அலங்கரித்து வாடகைக்கு விடுகிறாளாம். வரிசையில் போய் வந்ததும் பழமும் பலகாரமும் விசேஷ வீட்டுக்கு, புடவை மட்டும் இவளிடம் திரும்பிவிடும். இவளிடமிருந்து எனக்கு!

“புடவைய அன்னிக்கே திருப்பி வாங்கினா மானம் போயிடாதா?” என்று கேட்டேன்.

“அதுக்கு ஒரு வழி இருக்குதும்மா. மாமங்காரன் மறுநாள் போயி, ‘ஃபால்ஸ் தெச்சி எடுத்துக்கினு வர்றேன்’னு எல்லாத்தையும் வாங்கிக்கினு வந்துடுவான். அப்புறம் தையக்காரன் மேல பழிய போட்டுக்கினே இருக்க வேண்டியதுதான்.”

எனக்கு வந்ததே கோபம். “என் கடைய மூடப் போறாங்க, நீ என் புடவைய வெச்சி வாடக சம்பாதிக்கிறியா? இந்த ஒன்பதும் யாருக்கு? எந்தப் பவுசுக்காரன்? பேர சொல்லு. அவன் மண்டபத்துலயே போய் மானத்த வாங்கறேன்!” என்று சந்துக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவள் அசையவில்லை. ஒரு நோட்டை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினாள். “ஞாயித்துக்கிழம, திண்டிவனம். தாய்மாமன் பேரு வல்லரசு. தட்டு ஐம்பத்தொன்னு.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“பாவம்மா அந்தத் தம்பி. அவங்க அக்கா ரொம்பக் கெடுபிடியாம். ‘ஒரு தட்டு கொறைஞ்சாலும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கும், பாத்து அடுக்குங்க’ன்னு மூணு தடவ சொல்லிட்டுப் போனாரு.”

“அந்த அக்கா நான்தான்” என்றேன்.

பூமாலை நோட்டை மெதுவாக மூடினாள். அப்புறம் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அவனிடம் தட்டுக் கணக்குப் பேசினது நினைவுக்கு வந்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தனை வெட்கம் என் ஆயுசில் பட்டதில்லை.

அங்கேயே அவனுக்குப் போன் போட்டேன். “டேய், அஞ்சு தட்டு போதும்டா. எதுக்கு வீண் செலவு?” என்றேன், எதுவும் தெரியாதவள் மாதிரி.

சுள்ளென்று வந்தது பதில். “ஏன், உன் தம்பி வக்கத்தவன்னு யாராவது சொன்னாங்களா? ஐம்பத்தொன்னுன்னா ஐம்பத்தொன்னுதான். அஞ்சு தட்டோட வந்து உன் ஓரகத்தி முன்னாடி நான் நிக்கணுமா?” வைத்துவிட்டான். வளர்த்துவிட்டது நான்தானே, அனுபவிக்க வேண்டியதுதான்.

கட்டில்மேல் என் பார்சல் பிரிக்காமல் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவன் மானம் சந்தி சிரிக்கும். விட்டுவிட்டு வந்தால் திங்கட்கிழமை திரும்பி வந்து கடையை மூடும். ஒரே வழிதான் இருந்தது. ஒன்பது புடவைக்கும் தளத்தில் பூமாலை கட்டியிருந்த முழு விலையையும், அவள் திருப்பி அனுப்பாமல் இருக்க, அவளிடம் நானே கொடுத்தேன். ஆறு வருடத்தில் பேரம் பேசாமல் என்னிடம் வாங்கின முதல் கஸ்டமர் நான்தான்.

“கடக்காரங்களே திருப்பி வேணாம்னு சொல்லிட்டாங்க, புடவ அங்கயே இருக்கட்டும்னு தம்பிகிட்ட சொல்லுங்க. என் பேரு வாயில வரக் கூடாது. இனிமே என் கடைப் பக்கம் தலை வெச்சிப் படுக்காதீங்க” என்றேன்.

“சரிம்மா. என் தட்டு வாடகைய மட்டும் தம்பி குடுத்துடுவாரு இல்ல?” என்று கேட்டாள் அந்தப் புண்ணியவதி.

ஞாயிற்றுக்கிழமை மேளத்தோடு சீர் வந்தது. முன்னால் வல்லரசு, வெள்ளைச் சட்டை, மாலை, மீசையை முறுக்கிக்கொண்டு. கலைப்பிரியா உதட்டை அசைத்து அசைத்துத் தட்டுகளை இரண்டு தடவை எண்ணினாள். நான் பார்த்துப் பார்த்து மடித்துக் கட்டின புடவைகளை, முதல்முறை பார்ப்பதுபோல வாயைப் பிளந்து வாங்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பூரிப்பு என்று போட்டோகிராபர் நாலு படம் எடுத்தான்.

திங்கட்கிழமை காலையில் வல்லரசு வந்தான். ஃபால்ஸ் பேச்சையே எடுக்கவில்லை. சட்டமாக உட்கார்ந்து நாலு தோசை சாப்பிட்டான்.

“புடவைங்க நல்லா இருக்குதாக்கா?”

“ரொம்ப நல்லா இருக்குதுடா. எங்க எடுத்த?”

“விழுப்புரத்துல ஒரு கட. இன்னா மனுஷங்க தெரியுமா! கஸ்டமர் கஷ்டம் தெரிஞ்சி நடந்துக்கறாங்க. நீயும் ஒரு கட நடத்தறியே, ஒருத்தவங்க திருப்பி அனுப்பிச்சிட்டா தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துற. அவங்கள பாத்துக் கத்துக்கோ.”

சீனுவாசனுக்குப் புரையேறியது. எழுந்து மாடிக்கு ஓடினார்.

“கட பேரு இன்னாடா?” என்றேன்.

“அதெல்லாம் உனக்கெதுக்கு? அங்கயும் போய் சண்ட போடவா?”

நான் அவன் தட்டில் இன்னொரு தோசை வைத்தேன்.