வரிசையில் சொல்ல முடியாத ரேட்டு

1

2001 ஏப்ரல் மாதம், ஹாங்காங் விமான நிலையத்தின் குடியேற்றச் சோதனைக் கூடத்தில், ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்றின் முதலாளி வெளிநாட்டார் வரிசையில் நின்றார். அவரிடம் சம்பளம் வாங்கும் பெண் ஹாங்காங்வாசிகளின் வரிசை வழியாக வெளியே போனார்.

தோல் ஏற்றுமதி பற்றிப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றுக்காக அலைந்தபோது காதில் விழுந்த செய்தி இது. கட்டுரையில் இதற்கு இடமில்லை. ஏற்றுமதிப் புள்ளிவிவரத்துக்கும் கழிவுநீர்ப் பிரச்சினைக்கும் நடுவே ஒரு பெண் வரிசை மாறிப் போனதை எங்கே வைப்பது? அதனால் கதையாக எழுதத் தொடங்கினேன். அந்தப் பெண்ணின் பெயர் ஃபீபி. எழுதியதை அவரிடமே படித்துக் காட்டினேன். அதன் பிறகு கதை என் கையில் இல்லை.

(நேரில் 'அவர்' என்றுதான் சொல்வேன். கதைக்குள் 'அவள்'. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

'பாலாற்று மணலில் விளையாடி வளர்ந்த ஃபீபிக்கு, ஆகாயத்தில் பறக்கும் விமானம் என்பது—'

அங்கேயே நிறுத்திவிட்டேன். ஃபீபியின் அம்மா ஜெயபுஷ்பம் பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா வேலூரில் ஆஸ்பத்திரி அலுவலக ஊழியர். விமானத்தைப் பார்த்து வாய் பிளக்கிற வீடு இல்லை அது.

இரண்டாவது வரைவு:

'தோலின் வாடை அவள் சேலையில்—'

இதையும் அடித்துவிட்டேன். ஃபீபி பதனிட்டு முடித்த தோலை விற்கிறவள். அது புதுப் பர்ஸ் வாசனைதான் அடிக்கும். மேலும் பயணத்துக்கு அவள் சேலை கட்டுவதில்லை.

ஆகவே நேராக அட்டைக்கு வருகிறேன். அடிக்கடி வந்துபோகும் வியாபாரிகளுக்கு ஹாங்காங்கில் ஒரு பயண அட்டை கொடுத்தார்கள். முன்பு எத்தனை தடவை வந்தார், சொன்ன நாளில் திரும்பிப் போனாரா என்று பார்த்து, ஆள் நம்பத் தக்கவர் என்று பட்டால் கொடுப்பார்கள். அதைக் காட்டினால் உள்ளூர்க்காரர்களின் வரிசையில் போகலாம். சரக்கில் புகார் வரும்போதெல்லாம் முதலாளி நயீம் அகமது ஃபீபியைத்தான் அனுப்பினார். போய்ப் போய் அவள் தகுதி பெற்றுவிட்டாள். அவருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் மாதத் தோல் கண்காட்சிக்குப் போனால் போதும்.

அட்டை வந்த அன்று அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஹாங்காங்காரியே ஆயிட்ட போ. இனிமே ஆம்பூர் பிரியாணி எறங்குமா?"

"நீங்களும் இன்னும் ரெண்டு மூணு தடவை போய்ட்டு வந்து அப்ளை பண்ணுங்க சார். ரெண்டு மாசத்துல வந்துடும்."

"எனக்கு எதுக்குமா? நிக்கிறதுக்குக் காலு இருக்கு."

3

அந்த ஏப்ரலில் என்ன பணயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு பொங்கலிலிருந்து அரை ஷிஃப்ட்தான் ஓடிக்கொண்டிருந்தது. தைவானில் கைப்பை தயாரிக்கும் லின் என்பவர் ஒரு பெரிய ஆர்டர் தருவதாக இருந்தார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அவர் கண்காட்சிக்கு நிற்காமல் அன்றே ஊர் திரும்புகிறார். விமான நிலையத்துக் காபிக் கடையில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அங்கே ரேட்டு முடியாவிட்டால், வேறொருவரோடு அவர் பாதி பேசி வைத்திருந்த பேச்சை முழுதாக முடித்துவிடுவார்.

ஃபீபியும் முதலாளியும் வந்த விமானம் தாமதமாக இறங்கியது. வெளிநாட்டார் வரிசை கூடத்தை இரண்டு சுற்று சுற்றி நின்றது.

"நீ போமா," என்றார் நயீம் அகமது. "அவன உக்கார வை. பீஸெல்லாம் காட்டிட்டு இரு. நான் வந்து ரேட்டு சொல்றேன்."

"நீங்க வர்றதுக்குள்ள அவரு கெளம்பிடுவாரு சார். கேப்பாரு. இன்னா சொல்றது?"

முதலாளி திரும்பினார். பின்னால் நின்றவரைப் பார்த்தார். நின்றவர் வாணியம்பாடித் தோல் வியாபாரி மஹபூப் பாஷா. பாஷாவுக்குப் பின்னால் பேரணாம்பட்டுக்காரர் இருவர். கண்காட்சி வாரத்தில் அந்த வரிசையில் பாதி நம் பக்கத்து ஆட்கள்தான். எல்லாரும் ஒரே சரக்கை, ஒரே ஆட்களிடம் விற்கப் போகிறவர்கள்.

"இன்னா நயீம் பாய்," என்றார் பாஷா, "காதுல இன்னாத்தயோ ஓதப் போறீங்கபோல. நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கவா?"

"திரும்புனாலும் உங்க காது இந்தப் பக்கம்தான பாய் இருக்கும்."

பேரணாம்பட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஃபீபியும் சிரித்தாள். நயீம் அகமதுவின் கை மட்டும் பேனா செருகிய சட்டைப் பையருகே போய்ப் போய் வந்தது.

[இங்கே ஒரு குறிப்பு. பச்சைத் தோல் வாங்கும் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குக் கீழே விரல் பேசும். சுற்றி நிற்பவருக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். நயீம் அகமது சிறுவயதில் தொழில் கற்றது அப்படி ஒரு சந்தையில். ஃபீபியின் இடத்தில் ஓர் ஆண் நின்றிருந்தால், மடித்து வைத்திருந்த கோட்டுக்கு அடியில் அரை நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். அத்தனை பேர் பார்க்க அவர் அவள் கையைப் பிடிக்க முடியாது. தனியாக இருந்தாலும் பிடிக்கமாட்டார்.]

துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"சார் எழுத மாட்டாரு," என்றார் ஃபீபி. "எழுதிட்டா அப்புறம் கொறைக்கவும் முடியாது, ஏத்தவும் முடியாதுன்னுவாரு. வாயால சொல்லலாம்னா, உர்துல சொன்னா பாஷா பாய்க்குத் தெரியும், தமிழ்ல சொன்னா எல்லாருக்கும் தெரியும், இங்கிலீஷ்ல சொன்னா ஹாங்காங்குக்கே தெரியும்."

"உங்கள மட்டும் கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போயி சொல்லியிருக்கலாமே?"

"போனா லைன்ல எடம் போயிடும் சார்." பிறகு, சிரிக்காமல்: "அது ஒரு காரணம். இன்னொண்ணு, கடைசி ரேட்டு இன்னான்னு அதுவரைக்கும் அவரு யார்கிட்டயும் சொன்னதில்ல. ஏழு வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கேன். என்கிட்டயும் சொன்னதில்ல."

என் மூன்றாவது வரைவில் ஃபீபி இந்த இடத்தில் கண் கலங்கினாள். படித்துக் காட்டியபோது ஃபீபி கையை நீட்டி நிறுத்தினார்.

"நான் எங்க சார் அழுதேன்? எனக்கு அப்போ லக்கேஜ் கவலை."

சமையலறையிலிருந்து ஜெயபுஷ்பம் டீச்சர் குரல் வந்தது: "அவரு கஷ்டப்பட்டு எழுதிட்டு வந்திருக்காருடி. கொஞ்சம் அழுதுட்டுப் போயேன்."

அழுகையை எடுத்துவிட்டேன்.

4

உள்ளூர்வாசிகள் வரிசையில் கூட்டமே இல்லை. அதிகாரி அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். திரும்பிப் பார்த்தபோது முதலாளி முதல் சுற்றின் வளைவைக்கூடத் தாண்டவில்லை.

லின் காபியை முடித்துவிட்டுக் கைப்பெட்டியைக் காலோடு அணைத்து உட்கார்ந்திருந்தார். ஃபீபி சாம்பிள்களை விரித்தாள். அவர் தொட்டார், மடக்கினார், வெளிச்சத்தில் சாய்த்தார். பிடித்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். என்ன ரேட்டு?

இந்த இடத்துக்கு என்னிடம் ஒரு நல்ல காட்சி இருந்தது. ஃபீபி மனதுக்குள் கணக்குப் போடுகிறாள். பச்சைத் தோல் விலை, கெமிக்கல், கூலி, கப்பல் வாடகை. இசை உயர்கிறது—

"கணக்கெல்லாம் போடல சார்," என்றார் ஃபீபி. "கணக்கு கம்பெனியிலயே தெரியும். ரேட்டுன்றது கணக்கு இல்ல. சார் எப்டி சொல்வாரோ அப்டி சொன்னேன். மொதல்ல பீஸத் திருப்பிப் போட்டு பின்பக்கத்தக் காட்டுவாரு. காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருப்பாரு. இருந்தேன். அவரு எப்பவும் ஆரம்பிக்கிறத விடக் கொஞ்சம் கம்மியா, எறங்கி நிக்கிறத விடக் கொஞ்சம் ஜாஸ்தியா ஒண்ணு சொன்னேன்."

லின் அவளை நிமிர்ந்து பார்த்தார். இது மிஸ்டர் அகமதுவின் ரேட்டா என்று கேட்டார்.

நான் எழுதியிருந்தது: '"இல்லை, இது என் ரேட்டு" என்றாள் ஃபீபி.'

இந்த வாக்கியத்தை எழுதிய மாலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஃபீபி அதைக் கேட்டுச் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

"அப்டி சொல்லியிருந்தா அந்தாளு எந்திரிச்சுப் போய்ட்டிருப்பான். ஆமா, அவரோட ரேட்டுதான்னேன்."

"பொய்தானே?"

"பொய்தான். பொய் சொல்லாம அங்க உக்காந்து இன்னா பண்றது? அரை ஷிஃப்ட்ல இருக்கிறவங்க கிட்டப் போயி, நான் நெசம் பேசிட்டு வந்துட்டேன்னு சொல்லவா?"

லின் எழுந்து கை கொடுத்தார். சாம்பிள் ஒன்றின் மூலையில் ஒப்புதலாகக் கையெழுத்துப் போட்டு, மற்றொன்றைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு, புறப்பாட்டுப் பகுதியை நோக்கி வேகமாக நடந்தார்.

5

நயீம் அகமது வெளியே வந்தபோது எதிரே காலி நாற்காலி இருந்தது.

"போய்ட்டானா?"

"முடிச்சுட்டுப் போய்ட்டாரு சார்."

"எவ்ளோ சொன்ன?"

ஃபீபி சுற்றிலும் பார்த்துவிட்டு, சன்னமாகச் சொன்னாள்.

இதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதற்கு மூன்று வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில், அவர் மனதில் இருந்ததும் அதே ரேட்டு. சினிமா முடிவு. கிழித்துவிட்டேன். இன்னொன்றில் கோபப்பட்டுக் கத்துகிறார். ஃபீபியைத் தெரிந்தவர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை, நயீம் அகமதுவைத் தெரிந்தவர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை.

மூன்றாவது நடந்தது. அவர் லின் குடித்து வைத்த கோப்பையைப் பார்த்தார். "நீ காபி குடிச்சியாமா?" என்று கேட்டார். அப்போது மஹபூப் பாஷா பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இன்னா பாய், பறவை பறந்துடுச்சா?"

"முடிஞ்சுது பாய். ரேட்டு நேத்து ராத்திரியே ஃபோன்ல நான் சொல்லிட்டேன். கையெழுத்து வாங்கத்தான் பொண்ணு முன்னாடி போச்சு."

பாஷா ஃபீபியைப் பார்த்தார். ஃபீபி சாம்பிள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் மனதில் இருந்த ரேட்டு என்ன? ஃபீபிக்குத் தெரியாது. பின்னொரு நாள் நயீம் அகமதுவையே பார்த்துக் கேட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். "இப்ப அது எதுக்குங்க?" என்றார். இரண்டாவது டீயும் வந்தது. பதில் வரவில்லை.

ஆகவே அதை உங்களிடம் விடுகிறேன். ஃபீபி சொன்னது அவர் ரேட்டை விடக் கம்மி என்றால் கம்பெனிக்கு நஷ்டம் வைத்தாள். ஜாஸ்தி என்றால் முதலாளிக்குக் கிடைத்திருக்காததை வாங்கிக் கொடுத்தாள். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே படியுங்கள். எதை எடுத்தாலும் கீழே இருப்பது மாறாது.

ஜூன் மாதம் முதல் கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. ஃபினிஷிங் பிரிவு முழு ஷிஃப்டுக்குத் திரும்பியது. அந்த ஆண்டு நயீம் அகமது இன்னும் மூன்று தடவை ஹாங்காங் போய்வந்து, பயண அட்டைக்கு விண்ணப்பித்தார். கிடைத்தது. 2002 ஏப்ரலில் முதலாளியும் ஃபீபியும் உள்ளூர்வாசிகள் வரிசையில் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். லின்னிடம் ரேட்டை முதலாளியே சொன்னார். ஜூலையில் ஃபீபி ராணிப்பேட்டையில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தார்.