கல்லின் முன்னே ஊமை

குடியானவனின் சட்டை ஹார்ட்விக்குக்கு முதுகெல்லாம் அரித்தது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, இடுப்பில் கயிறு, ஒரு கையில் புள்ளிக் காளை, மறு கையில் கிழட்டுக் குதிரை. கரிந்தியாவின் கோமகனாக ஆசைப்படுகிறவன் எத்தனை பெரிய வம்சமாக இருந்தாலும் இந்தக் கோலத்தில்தான் புல்வெளிக்கு வரவேண்டும். அங்கே கவிழ்ந்து கிடக்கும் தூண்கல்லின் மேல் ஒரு குடியானவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். அவன் கேட்பான், சுற்றி நிற்கும் ஜனம் பதில் சொல்லும். மனசுக்குப் பிடித்தால் வந்தவன் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, காளையையும் குதிரையையும் வாங்கிக்கொண்டு எழுந்து இடம் விடுவான். அவன் எழாதவரை பேரரசரே முத்திரை குத்தினாலும் இங்கே ஒரு பயல் மதிக்கமாட்டான். அவனை வெட்டிப் போடலாம்தான். அப்புறம் கல்லிலிருந்து எழுந்து இடம் விட ஆளிருக்காது.

இந்த ஒரு நாளுக்காக ஹார்ட்விக் என்னதான் செய்யவில்லை? பெரியப்பா மகன் பெர்ட்டோல்டுக்கும் இந்த நாட்டின் மேல் உரிமை இருந்தது. உள்ளதைச் சொன்னால், அவனுக்குத்தான் கூடுதல். மூன்று கோடை இருவரும் அடித்துக்கொண்டு, ஊரூராக எரித்த பிறகு, சமாதானம் பேசலாம் வா என்று ஹார்ட்விக் அவனை விருந்துக்கு அழைத்தான். சாப்பிட்டுத் திரும்பும் வழியில் பெர்ட்டோல்டு பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து செத்தான். குதிரை மிரண்டு அவனோடு ஆற்றில் பாய்ந்துவிட்டதாம். மிரண்ட குதிரை ஒரு சொட்டு நனையாமல் லாயத்துக்கு வந்து சேர்ந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் ஹார்ட்விக்கை உறங்கவிடவில்லை.

கவலையே வேண்டாம் என்று காரியக்காரன் எக்பெர்ட் காலையிலேயே சொல்லியிருந்தான். புல்வெளியைச் சுற்றி வாள்வீரர்கள் நின்றார்கள். கல்லில் உட்காரும் பாத்தியதை உள்ள யெர்னே தேனீ வளர்க்கிறவன், வம்பு தும்புக்குப் போகாதவன். ஒரே ஒரு எச்சரிக்கைதான்.

“கேள்வி உங்களப் பத்தித்தான் பிரபு, ஆனா உங்ககிட்ட இல்ல. கல்லு முன்னால நீங்க ஊமை.”

“அவன் ஏதாவது ஏடாகூடமாக் கேட்டா?”

“கேக்கட்டும். பல்லக் கடிச்சுக்கிட்டு நில்லுங்க. எந்திரிச்சுட்டான்னா அப்புறம் அவன் வாய் உங்க கையில.”

யெர்னே கல்லில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். வருவது யார் என்று கேட்டான். நாட்டுக்குக் கோமகன் என்றது கூட்டம். அடிமையாகப் பிறக்காதவனா என்றான். ஆமாம் என்றார்கள். ஹார்ட்விக்குக்கு மூச்சு வந்தது.

“நியாயம் தப்பாதவனா?”

பதில் இல்லை. பெண்கள் தரையைப் பார்த்தார்கள். எக்பெர்ட் முறைத்தான், முன்வரிசையில் ஒருவன் தொண்டையைச் செருமிவிட்டு அப்படியே அடங்கிப்போனான். காளை வாலைச் சுழற்றி ஈ ஓட்டியது. புல்வெளிக்கு அப்பால் ஆறு ஓடும் சத்தம் கேட்டது. ஹார்ட்விக்குக்கு விருந்து நினைவு வந்தது. ரொட்டியைப் பிட்டு, பெரிய துண்டை இவன் பக்கம் தள்ளியிருந்தான் பெர்ட்டோல்டு. யெர்னே மறுபடி கேட்கவில்லை. காத்துக்கொண்டிருந்தான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான் ஹார்ட்விக்; இந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

“தப்பாதவன்தான்,” என்றான். தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. “நான் ஒண்ணும் செய்யல. அவன் தானாத்தான் விழுந்தான்.”

எக்பெர்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

யெர்னே ஹார்ட்விக்கை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஜனத்தின் பக்கம் திரும்பி, முறைப்படி, அதே நிதானத்தில் கேட்டான்.

“யாரு விழுந்தது?”

இந்த முறை யாரும் தயங்கவில்லை.

“பெர்ட்டோல்டு.”

பெண்களும் சொன்னார்கள். வாள்வீரர்களில் ஓரிருவரும் சொன்னதை ஹார்ட்விக் கேட்டான். கன்னத்தில் தட்டு விழும் என்று தலையைச் சாய்த்தபடியே நின்றான்.

யெர்னே கால் மாற்றிப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.