தறிக்கூடத்துப் பேச்சு

எல்லாம் இதே வரிசையில்தான் நடந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிளப்பில் புது ஸ்பீக்கர்களைச் சோதித்தது செவ்வாயா புதனா என்பதும் நினைவில்லை. மத்தியானம் என்பது நிச்சயம். உயரத்துச் சன்னல்களிலிருந்து வெயில் நடனத் தளத்தில் சாய்ந்து விழுந்திருந்தது.

அவர் தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே தறிகள் ஓடிய காலத்தில் பதினெட்டு வருடம் நெசவாளி. ஆலையை மூடி, கட்டடத்தை டெக்னோ கிளப் ஆக்கியபின் அதே கூடத்தில் துப்புரவு வேலை. பக்கத்துத் தறியில் நின்ற அக்கா இப்போது கழிவறைகளைக் கழுவினாள். தறிச் சத்தத்தில் காதால் எதையும் கேட்க முடியாது. அதனால் நெசவாளிகள் குரலில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசப் பழகியிருந்தார்கள். கிளப்பிலும் இருவருக்கும் அதே பேச்சுதான்.

இசை நெஞ்சுக்கூட்டில் இடித்துக்கொண்டிருந்தபோது எதிர்க்கோடியிலிருந்து அக்கா உதட்டை அசைத்தாள். முந்தின நாள் படியில் விழுந்துவிட்டாளாம். இடது கையைத் தூக்கவே முடியவில்லையாம். "மேனேஜருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளப் போட்டுருவான். கழிவறையில மேல இருக்கறத மட்டும் நீ தொடச்சுக் குடு, தம்பி."

அவர் தலையாட்டினார்.

இருவரும் உதடசைப்பதை மேனேஜர் பார்த்துவிட்டான். சின்ன வயசு, கெட்டவன் இல்லை. அருகில் வந்து, இது என்ன வித்தை என்று காதில் கத்திக் கேட்டான். தறிக்காலத்து உதட்டுப் பேச்சு என்று அவர் சொன்னார். உடனே ஏணிமேல் நின்ற ஸ்பீக்கர்காரர்களைக் காட்டி, அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டான்.

"உங்க தொப்பைக்குத் தனியா ஒரு ஸ்பீக்கர் மாட்டலாம்ங்கறாங்க, சார்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் தோளில் கை போட்டான். "பெரிய ஆளுண்ணே நீங்க." அந்தக் கட்டடத்தில் அவரை யாரும் அப்படிச் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. "சரி, அந்தக்கா என்ன சொன்னாங்க?"

சாப்பிட்டாயா என்று கேட்டாள் எனச் சொல்லியிருக்கலாம்.

"படியில விழுந்துட்டாங்களாம், சார். கையத் தூக்க முடியலயாம்."

சொல்லி முடித்தபின்தான் நிமிர்ந்தார். அக்கா ஒற்றைக் கையில் வாளியோடு நின்று, அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். மேனேஜர் வேறு கிளப்புக்குப் போய்விட்டான். அவர் இன்னும் அங்கேதான், அதே சம்பளத்துக்குக் கழிவறைகளையும் சேர்த்துக் கழுவுகிறார். எப்போதாவது சந்தையில் அக்கா மகளோடு எதிர்ப்படுவாள். அவரைக் கண்டதும் பையை மகளிடம் கொடுத்துவிட்டு, தூக்க முடிகிற கையால் வாயை மறைத்துக்கொண்டு அவளோடு பேசுவாள்.